1197-க்கு மனு எழுதும் நேயர் மன்றத்தாருக்கு



மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்தாதீர்கள் என்று மனுப் போடுவது நம் மன்றங்களுக்குப் புதிதில்லை. நாட்டின் பல ஊர்களில் பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டு வருகின்றன. நம் திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிபரப்புக்கும் அந்த நாள் வந்துவிடுமோ என்ற கவலை உங்களுக்கு. எனக்கும்தான். கையெழுத்துப் போடத் தயக்கமில்லை. மனுவின் வாசகத்தில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. கிலோவாட், கம்பம், எத்தனை மாவட்டத்துக்கு எட்டும் என்று நாலு பத்தி. அந்தக் கம்பத்திலிருந்து என்ன வர வேண்டும் என்பதற்கு அரை வரி. இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைக்கு நிலையம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1938 ஜூன் 16-ல் சென்னையிலும் 1939 மே 16-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி தொடங்கியது. அதற்குப் பிறகு இருபத்து நாலு வருஷம் தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டுதான். தெற்கே இருந்தவர்கள் திருச்சியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பு வானொலியைப் பிடிக்க வேண்டும். கடற்கரைக்காரர்களுக்குக் கொழும்புதான் தெளிவாகக் கேட்டது. காரணம் நிகழ்ச்சியின் கவர்ச்சி மட்டுமில்லை, கடலும்தான். திருச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு நேர்க்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 280. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் நகரும். காய்ந்த செம்மண்ணும் பாறையும் அதன் பலத்தைத் தின்றுவிடும்; உப்புத் தண்ணீர் அவ்வளவாகத் தின்னாது. மன்னார் வளைகுடா கொழும்புக்காரர்களுக்கு இலவசமாகப் பாதை போட்டுக் கொடுத்திருந்தது.

அந்தப் பாதையில் சினிமாப் பாட்டு வந்தது. 1952 முதல் 1962 வரை ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. நம் வானொலியில் அதற்கு இடம் சுருங்கிப்போனது. ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதியைக் கொண்டுவந்து சமாளிக்கப் பார்த்ததெல்லாம் பெரிய கதை, அதை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: 1963 டிசம்பர் 1-ல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியபோது இங்கே ஏற்கெனவே ருசி கண்ட நேயர்கள் இருந்தார்கள். ரேடியோ என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொழும்பும் திருச்சியும் தராத எதையாவது தர வேண்டியிருந்தது.

கோயம்புத்தூருக்கு 1966-ல்தான் நிலையம் வந்தது, புதுச்சேரிக்கு 1967-ல். மதுரையையும் முந்திக்கொண்டோம் என்று நெல்லைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்வது உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அன்றைய திருநெல்வேலி மாவட்டம் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தவை. அன்றைக்கு எல்லாம் ஒரே மாவட்டம். பொதிகை அடிவாரத்து நஞ்சை, கோவில்பட்டிக் கரிசல், சாத்தான்குளத்துத் தேரிக்காடு, உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்கள் எல்லாம் ஒரே ஆட்சியர் அலுவலகத்தின் கீழ். இவ்வளவு வகை மண்ணுக்கு ஒரே ஒரு மைக்.

இனி என் கட்சிக்கு முக்கியமான சாட்சியைக் கூப்பிடுகிறேன். அது நெல்.

1966-ல் நாட்டின் சில வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கினார்கள். திருச்சியும் அதில் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை ரகம் அப்போதுதான் வயலுக்கு வந்துகொண்டிருந்தது. நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஜப்பானின் நோரின் 10-ஐயும் சேர்த்து உண்டாக்கியது. எப்போது நாற்று விட வேண்டும், எப்போது மேலுரம், பூச்சி வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் நட்டவர்களையே கூட்டிவந்து பேச வைத்தது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த ரகத்தின் எண்ணையே மறந்துவிட்டு 'ரேடியோ நெல்' என்றார்கள். விதைக் கடையில் போய் ரேடியோ நெல் இருக்கா என்று கேட்டார்கள். ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிட மேலான பட்டத்தை யாரும் கொடுத்துவிட முடியாது.

சரி, அதே நிகழ்ச்சியை அப்படியே திருநெல்வேலியிலிருந்தும் அஞ்சல் செய்திருந்தால்? இங்கே குறுவையும் இல்லை, தாளடியும் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் ஜூன் வாக்கில் தொடங்குவது கார். ஐப்பசி மழையை நம்பி இறங்குவது பிசானம். காவிரிக்காரர் மேட்டூரைப் பார்ப்பார். இங்கே உள்ளவர் பாபநாசம் அணையைப் பார்ப்பார். 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி, எந்தக் கால்வாயில் என்றைக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் இவர் நாற்றங்காலில் கை வைப்பார். ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான் கால்வாய்க்காரருக்குத் தண்ணீர் கிடைக்கும் நாளும் ஸ்ரீவைகுண்டம் கால்வாய்க்காரருக்குக் கிடைக்கும் நாளும் ஒன்றில்லை. ரகமும் வேறு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 மாதிரி இங்கத்து வயலுக்கென்று வந்தவைதாம் இங்கே எடுபட்டன. கரிசல்காட்டுக்காரருக்கோ இந்தப் பேச்சு எதுவுமே ஆகாது. மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் எந்த மழையில் விதைப்பது என்பதுதான் அவர் கேள்வி. ஏரல் பக்கத்து வாழைக்காரருக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் குறுவை ஆலோசனை, நம்மூர்க் கார்ப் பருவத்துக்காரர் காதில் விழுந்தால் அதிகபட்சம் பொழுதுபோக்கு. மோசமாகப் போனால் தப்பான வாரத்தில் போட்ட உரம். உள்ளூர் நிலையம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை. நம் மனுக்களில் இது ஒரு வரிகூட வருவதில்லை.

தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சென்னை வானொலியின் 'இன்று ஒரு தகவல்' மூலமாகத்தான் தமிழ்நாட்டுக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே நமக்குத் தெரியும். வேளாண்மை படித்த அவர் திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சிக்காரராக இருந்தவர். அவர் பேச்சில் இருந்த அந்தத் தாழ்ந்த ஸ்தாயி, அவசரமில்லாத நடை, கடைசி வரியில் வைக்கிற குத்து எல்லாம் களத்துமேட்டில் உட்கார்ந்து கேட்பவரை மனதில் வைத்துப் பேசிப் பழகியதால் வந்தவை என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் உரமூட்டையைப் பற்றிக் கேட்பவர் கொட்டாவி விடாமல் பேசத் தெரிந்தவருக்கு, வேறு எதைப் பற்றியும் பேசுவது சுலபம்தானே. 2009-ல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் நெல்லை ஆண்டுகளுக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

பாட்டுக்கு வருகிறேன். இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்று தெரியும். கர்நாடக சங்கீதத்துக்கு அவ்வளவு நேரம் ஏன் என்று மன்றக் கூட்டங்களில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பதில்: பாடியவர் யார் என்று பாருங்கள். சபாவுக்குப் பேர்போன வித்வான்கள் சென்னையில் பாடிக்கொள்வார்கள். கல்லிடைக்குறிச்சியிலோ கடையநல்லூரிலோ நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவருக்கும், கோயில் முறைக்கு வாசித்துக்கொண்டிருந்த நாகஸ்வரக்காரருக்கும் வானொலிதான் மேடை. குரல் தேர்வுக்குப் போக வேண்டும். நடுவர்களுக்கு முகம் தெரியாது, பேர் தெரியாது, குரல் மட்டும்தான். யாருக்கு யார் சொந்தம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சின்ன ஊரில் இப்படி ஒரு முறை நடந்தது சாதாரணமில்லை. தேறினால் பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு. பி கிரேடு கிடைத்தவுடனே கல்யாண நோட்டீசிலும் கொடை விழாச் சுவரொட்டியிலும் பேருக்கு முன்னால் 'வானொலிப் புகழ்' ஏறிவிடும். அந்த ஒரு சொல்லுக்குச் சம்பாவனையில் கூடுதல் உண்டு.

நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் கதை இதில் வேறு மாதிரி. ஊர் நிலையம் தொடங்கியது 1963 டிசம்பர். 1964 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார், நாற்பத்து சொச்சம் வயதில். தன் மண்ணில் ஒரு வானொலி நிலையம் இருந்த காலம் அவருக்கு ஐந்து மாதம்கூட இல்லை. 'கொஞ்சும் சலங்கை' படமும் இசைத்தட்டுகளும் அவர் வாசிப்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டன. அவருக்கு அடுத்த வரிசையில் இருந்தவர்கள், அவருக்குத் தவில் வாசித்தவர்களின் பிள்ளைகள், பக்கத்து ஊர்க் கோயில்களில் மட்டும் வாசித்தவர்கள் ஆகியோருக்கு இசைத்தட்டுக் கம்பெனி வரவில்லை. அவர்களுடைய வாசிப்பு ஒரே ஒரு முறை பதிவாகியிருந்தால், அது பாளையங்கோட்டையில் இருக்கும் நெல்லை நிலையத்து ஸ்டுடியோவில்தான் பதிவாகியிருக்கும்.

வில்லுப்பாட்டும் அப்படித்தான். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் சென்னைக்குப் போய் அதை ஊரறியச் செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் அம்மன் கொடைக்கும் சாஸ்தா கோயிலுக்கும் விடிய விடியப் பாடுகிறவர்களிடம் இருப்பது வேறு சரக்கு. அதை அரை மணி நேரத்துக்குள் அடக்கு என்று வானொலி சொன்னபோது பாதி உயிர் போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் முற்றத்தில் சாமியாடி எழுந்தால் பாட்டு நிற்கும், கேட்பவர் கண் கலங்கினால் அந்த இடத்தையே இன்னொரு தரம் பாடுவார்கள். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் தொடங்க வேண்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயர்ந்தால் முடிக்க வேண்டும். வானொலியால் கலை வளர்ந்தது என்று நாம் மேடையில் சொல்வது முக்கால் உண்மைதான்.

ஸ்டுடியோ என்றதும் ஒன்று. பேசப் போனவர்களுக்குத் தெரியும்: நீங்கள் எழுதிக்கொண்டுபோன தாளில் குண்டூசியோ பின்னோ இருந்தால் உள்ளே போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடச் சொல்வார்கள். படித்து முடித்த பக்கத்தைப் புரட்டக் கூடாது. சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தி மேசையில் விட வேண்டும். வளையலைக் கழற்றிவைக்கச் சொல்வார்கள். ஒரு கதவைத் திறந்து, அது மூடிய பிறகுதான் அடுத்த கதவைத் திறக்க முடியும். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இருட்டு. ஏ.சி. குளிரில் மைக்கைப் பார்த்ததும் தொண்டை வறண்டுபோகும். அப்போது நிகழ்ச்சிக்காரர் சொல்லும் யோசனை எல்லா நிலையத்திலும் ஒன்றுதான்: கூட்டத்துக்குப் பேசாதீர்கள், எதிரே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசுங்கள். வாழைக்குக் கன்று நேர்த்தி செய்வது பற்றிப் பத்து நிமிடம் பேச வந்த விவசாயி, எழுதிக் கொண்டுவந்ததை மூடி வைத்துவிட்டு எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோல் சொல்லும்போதுதான் நிகழ்ச்சி எழுந்து உட்காரும்.

கேட்டவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. தபாலாபீசில் வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய் கட்டி லைசென்ஸ் எடுத்தால்தான் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலம். 1980-களில்தான் அது ஒழிந்தது. அதற்கு வழியில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. பூட்டிய அறைக்குள் பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர், கீழே மணல். சாவி ஒருவரிடம் இருக்கும். மாநிலச் செய்தியும் கிராம நிகழ்ச்சியும் கேட்கும் நேரத்துக்கு அவர் திறக்காவிட்டால் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும். காலையில் வால்டர் காஃப்மன் அமைத்த அந்த வயலின் முகப்பிசை, பிறகு வந்தே மாதரம், மங்கல இசை, 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசிக்கும் செய்தி. டீக்கடைகளில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது இந்த வரிசையை வைத்துத்தான். முகப்பிசை போட்டவர் ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர் என்பது நம்மில் பல பேருக்கு இப்போதும் செய்தியாகவே இருக்கிறது.

நிற்க. கம்பத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அது வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள்.

1197 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் சுமார் 250 மீட்டர். கால் அலைக் கம்பம் என்றாலே 62 மீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரிவது கம்பம். அதன் அடியில் நாலாபக்கமும் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளைப் புதைத்திருப்பார்கள், அவை இல்லாவிட்டால் மேலே நிற்பது வெறும் இரும்பு. இங்கே ஒரு வேடிக்கை. 1197-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. சென்னை 720, திருச்சி 936, கோவை 999, தூத்துக்குடி 1053, புதுச்சேரி 1215: எதை வகுத்தாலும் மீதி வராது. உலக நாடுகள் 1975-ல் ஜெனிவாவில் கூடி, அமெரிக்கக் கண்டங்கள் நீங்கலாக மற்ற இடங்களில் மத்திய அலை நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1978 நவம்பர் 23-ல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு வெளிநாட்டில் போட்ட கையெழுத்தால் நம்மூர் ரேடியோவிலும் முள் நிற்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தது.

பண்பலை அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. மலையோ அடிவானமோ குறுக்கே வந்தால் முடிந்தது. மத்திய அலை பகலில் தரையைத் தழுவிப் போகும், பொழுது சாய்ந்த பிறகு வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலும் விழும். கொழும்புக்குப் பாதை போட்டுக் கொடுத்த அதே உப்புத் தண்ணீர், உவரியிலிருந்து வள்ளத்தில் போனவருக்கும் நெல்லையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரையோரத்துப் பண்பலை எட்டாத தூரத்தில் புயல் எச்சரிக்கை கேட்க வேண்டிய மீனவருக்கு இது பெரிய விஷயம். தூத்துக்குடியில் 200 கிலோவாட் நிலையத்தை வைத்து இந்தியா இலங்கையை நோக்கிப் பேசியதும் இதே கணக்கில்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. நெல்லையின் 20 கிலோவாட் என்றால் மணிக்கு 20 யூனிட் காற்றுக்கே போகிறது; சாதனம் சூடாவதில் வீணாகும் மின்சாரம் தனி. உதிரிபாகம் கிடைப்பதில்லை. கேட்கிறவர் வீட்டு எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் போடுகிற இரைச்சலில் மத்திய அலை மூழ்கிவிடுகிறது. ஒருகாலத்தில் மின்னலும் பம்புசெட்டும் மட்டும்தான் இடைஞ்சல், அதற்கும் ரேடியோவைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். டிஜிட்டலுக்கு மாற்றிய இடங்களில் ஒலி பிரமாதம் என்கிறார்கள், ஆனால் அதைக் கேட்கும் பெட்டி நம்மூர்க் கடையில் இல்லை. இன்னும் எத்தனை வீட்டில் மத்திய அலை பிடிக்கும் ரேடியோ இருக்கிறது என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். மனுவில் 'லட்சக்கணக்கான நேயர்கள்' என்று எழுதுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மனுவில் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். கரண்ட் போனது, செல்போன் கோபுரம் போனது. எந்த ரோடு இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் அந்த ராத்திரியில் வேலை செய்யும் என்பது உண்மை. அதே சமயம், அந்த ராத்திரியில் டிரான்சிஸ்டரில் வந்திருக்க வேண்டியது எது? ஏரல் பாலத்தைப் பற்றிய செய்தி. சென்னையிலிருந்து அஞ்சலாகும் திரைப்பாடல் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தால் கம்பம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மைக் பக்கத்தில் ஊர் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், எழுதிவைத்த அட்டவணையைத் தள்ளிவிட்டுப் பேச அவருக்கு அதிகாரம் வேண்டும்.

மனுவை இப்படி மாற்றச் சொல்கிறேன். முதல் கோரிக்கை: நெல்லையில் தயாராகி நெல்லையிலிருந்து போகும் மணிநேரம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுத்தில் வேண்டும், அது குறையக் கூடாது. இரண்டாவது, பண்ணை நிகழ்ச்சிக்கும் கடலோர நிகழ்ச்சிக்கும் களத்துக்குப் போய்வர ஆளும் வண்டியும் வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகளை நிரப்ப வேண்டும். மூன்றாவது, பேரிடர் நாட்களில் அஞ்சலை வெட்டிவிட்டு உள்ளூரிலிருந்து பேசும் உரிமை. இதெல்லாம் இருந்தால், அலை மத்திய அலையாக இருந்தாலும் பண்பலையாக இருந்தாலும் செல்போன் செயலியாக இருந்தாலும் நிலையம் பிழைத்துக்கொள்ளும். கம்பத்தை நாலாவதாகப் போடுங்கள். கம்பம் மட்டும் பிழைத்து மணிநேரம் போய்விட்டால், கடைசியில் நாம் காப்பாற்றியது டெல்லிக்கும் சென்னைக்கும் ஒரு ரிலே கம்பமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இதை அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதில்லை, நம் கையிலேயே இருக்கிறது.

வானொலி நிலையங்களில் அன்றைக்கெல்லாம் ஒலிப்பதிவு ஸ்பூல் டேப்பில். 1200 அடிச் சுருள் ஒன்று சுமார் அரை மணி நேரம் ஓடும். டேப் விலை கூடியது, எண்ணிக்கை குறைவு. ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வது எல்லா நிலையத்திலும் வழக்கம். பெரிய வித்வானின் கச்சேரி என்றால் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். கணியான் கூத்தும், பூச்சிமருந்துக் கேள்வி பதிலும், நாடகத்தில் கிழவி வேஷம் கட்டிய உள்ளூர் அம்மாளின் குரலும் பெரும்பாலும் போயே போயின. ஆக, நிலையத்தில் இல்லாத நிலையத்து வரலாறு எங்கே இருக்கிறது என்றால், உங்கள் வீட்டுப் பரணில். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் செட்டில் ரேடியோவிலிருந்து நேராகப் பதிவுசெய்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் கேசட்டுகள்தாம். தங்கள் பேச்சு ஒலிபரப்பானதைத் தங்கை மாப்பிள்ளையை விட்டுப் பதிவுசெய்யச் சொன்னவர்கள் எத்தனை பேர்! நடுவில் பிரஷர் குக்கர் விசிலும் குழந்தை அழுகையும் இருக்கும். இருக்கட்டும்.

அதோடு வானொலியின் நிகழ்ச்சி நிரலை அச்சடித்து வந்த 'வானொலி' இதழின் பழைய பிரதிகள், நிலையம் அனுப்பிய ஒப்பந்தப் படிவங்கள், கடிதம் வாசிக்கப்பட்ட நாளைக் குறித்துவைத்த டைரிகள், எல்லாமே வேண்டும். தாமிரபரணிப் பக்கத்துப் பயிர்களைப் பற்றி எந்த வருஷம் எந்த மாதம் யார் என்ன சொன்னார்கள் என்பதை அந்த நிகழ்ச்சி நிரலிலிருந்தே ஓரளவுக்குக் கட்டி எழுப்பிவிடலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் மன்றத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

கேசட் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. எடுத்தவுடனே பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். அதன் ரப்பர் பெல்ட் இளகியிருந்தால் நாடாவை விழுங்கிவிடும். ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, வேண்டாத சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரைச்சலைக் குறைக்கிறேன் என்று கை வைக்காதீர்கள். முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி. கோப்புக்குப் பேர் வைக்கும்போது யார் குரல், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருஷம் என்று எழுதுங்கள். தேதி ஞாபகமில்லை என்றால் பதிவின் நடுவில் வரும் செய்தியையோ விளம்பரத்தையோ வைத்துப் பிடித்துவிடலாம். கல்யாண வீட்டில் மொய் எழுதும் கையெழுத்துப் போல இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவைத்தால் போதும். பேச்சாளர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் அவர் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பொதுவில் வையுங்கள்.

மன்றத் தலைவர்களான அண்ணாச்சிமார்கள் அடுத்த கூட்டத்தில் பொன்னாடைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை வெட்டி ஒரு நல்ல டேப் டெக் வாங்கிவிட்டால், ஊர் ஊராக எடுத்துப்போய் இந்த வேலையை முடித்துவிடலாம். மனுவின் திருத்திய வாசகத்தை எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு நேயர்

பின்குறிப்பு: நாடா தொங்கிப்போன கேசட்டைச் சுற்ற விரலை விடாதீர்கள். அறுபட்டைப் பென்சில் ஒன்று போதும், பல்லில் கச்சிதமாக உட்காரும்.